ஜாயின்ட் போட முடியாத கேபிள்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது, நான் டிரான்ஸ்ஃபார்மர் பற்றியோ சோலார் பேனல் பற்றியோ எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். மின்னியல் படிக்கிறவனுக்கு நரம்பு மண்டலத்தில் என்ன வேலை? பத்தாம் வகுப்போடு உயிரியல் புத்தகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்கள்தானே நாம்! ஆனாலும் இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாண்டு முடிந்த விடுமுறையில் எங்கள் சித்தப்பாவோடு வயரிங் வேலைக்குப் போயிருந்தேன். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில், எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சாரத்தில் நின்று பைப் பதிக்கச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தார். சாரத்துக் கயிறு நழுவி, பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து மல்லாக்க விழுந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நல்ல நினைவோடு பேசினார். "ஒண்ணுமில்லடா, காலுதான் எங்க இருக்குன்னே தெரியல" என்றார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நான் அக்குளில் கை கொடுத்தேன். கொத்தனார் இரண்டு காலையும் பிடித்தார். அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" சொன்னேன். அவர் திட்டவில்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "முதுகெலும்பு உடைஞ்சு தண்டுவடத்துல அடிபட்டிருக்கு. விழுந்தப்பவே ஆச்சா, தூக்கினப்ப அதிகமாச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். "வயர் அறுந்தா ஜாயின்ட் போடுறோமே சார், இதுக்கு அப்படி வழியில்லையா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "இருந்தா நாங்க போட மாட்டோமா தம்பி?" என்றார்.

ஏன் முடியாது? அந்தக் கேள்வியோடுதான் நூலகத்துக்குப் போனேன். படித்துத் தெரிந்துகொண்டதை நம் பாஷையிலேயே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

"கையில நரம்பு புடைச்சிருக்கு", "ஊசி போட நரம்பு கிடைக்கல" என்று பேசுகிறோம். அதெல்லாம் நரம்பே இல்லை நண்பர்களே! தோலுக்கடியில் பச்சை நிறத்தில் தெரிவது சிரை, அதாவது ரத்தக் குழாய். உள்ளே ரத்தம் ஓடுகிற பைப் அது. நரம்பு என்பது பைப் அல்ல, கேபிள். வெள்ளை நிறம், உள்ளே ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகள், அவற்றைக் கட்டுக்கட்டாகச் சுற்றி உறை. இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கும் சயாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே பருமனானது. ஒரு விரல் மொத்தம் இருக்கும்.

நரம்பை நேரடியாக உணர வேண்டுமா? முழங்கை மேசை விளிம்பில் இடித்தால் சுண்டுவிரல் வரைக்கும் "சுரீர்" என்று ஷாக் அடிக்கிறதே, அதுதான் நரம்பு. அந்த இடத்தில் அல்நர் நரம்பு எலும்பின் மேல் மெல்லிய தோலுக்கடியில் போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் "நரம்புத் தளர்ச்சிக்கு லாட்ஜில் சிகிச்சை" என்று போஸ்டர் பார்த்திருப்பீர்கள். நம் வயசுப் பையன்களின் பயம்தான் அவர்களுக்கு மூலதனம். கை நடுக்கம், மரத்துப்போதல், பலவீனம் என்று உண்மையிலேயே ஏதாவது இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போஸ்டரை நம்பிப் பணத்தைத் தொலைக்காதீர்கள்.

மொத்த லே-அவுட்

நரம்பு மண்டலத்தை இரண்டாகப் பிரிக்கலாம். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அதிலிருந்து உடம்பெங்கும் போகிற கிளைகள் புற நரம்பு மண்டலம். மெயின் போர்டும் மெயின் கேபிளும் ஒரு பக்கம், ஒவ்வொரு அறைக்கும் போகிற சர்க்யூட்டுகள் இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூளையின் எடை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ. உடல் எடையில் இது ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு ஓய்வில் இருக்கும்போது செலவாகிற சக்தியில் 20 சதவீதத்தை இதுவே எடுத்துக்கொள்கிறது. வாட் கணக்கில் சொன்னால் சுமார் 20 வாட். ஒரு சின்ன டியூப் லைட்டின் செலவில் நம் படிப்பு, காதல், கவலை எல்லாம் ஓடுகிறது!

இதில் பெருமூளை நினைப்பதற்கும், பார்ப்பது கேட்பதைப் புரிந்துகொள்வதற்கும், கைகால்களுக்கு உத்தரவு போடுவதற்கும். சிறுமூளை அந்த அசைவுகளைச் சீராக்குவதற்கு. இது இல்லையென்றால் சைக்கிளில் பேலன்ஸ் கிடைக்காது. முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொள்கிறது. கைகால்களுக்குப் போகிற உத்தரவு வயர்களில் பெரும்பாலானவை முகுளத்தில்தான் பக்கம் மாறுகின்றன. அதனால்தான் மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலது கை விழுந்துவிடுகிறது.

மூளையிலிருந்து நேராக 12 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வால் எலும்புப் பகுதியில் 1. தண்டுவடத்தின் நீளம் பெரியவர்களுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர். பருமன் சுண்டுவிரல் அளவு. முதுகெலும்பின் கடைசி வரைக்கும் அது போவதில்லை. இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, கேபிள் முனையில் கோர்களைப் பிரித்து விட்ட மாதிரி நரம்புக் கொத்து மட்டும்தான். அதற்கு "குதிரை வால்" என்றே பெயர்!

இந்த மெயின் கேபிளுக்குப் பாதுகாப்பு என்னவென்று பாருங்கள். வெளியே மண்டையோடும் முதுகெலும்பும், நம்ம கான்ட்யூட் மாதிரி. உள்ளே மூன்று சவ்வுகள். அவற்றுக்கு நடுவே சுமார் 150 மில்லி மூளைத் தண்டுவடத் திரவம், அதிர்ச்சியைத் தாங்குவதற்கு. இத்தனை பந்தோபஸ்து போட்டு வைத்திருக்கிறது என்றாலே, உள்ளே இருப்பது எவ்வளவு அருமையான பொருள் என்று தெரிகிறதல்லவா?

ஒரு செல்தான் ஒரு வயர்

இந்த மண்டலத்தின் அடிப்படை அலகு நியூரான் என்கிற நரம்பு செல். இதற்கு மூன்று பாகங்கள். செய்தியை வாங்கிக்கொள்ளும் கிளைகள் டென்ட்ரைட்டுகள். நடுவில் செல் உடலம். செய்தியை வெளியே கொண்டுபோகும் நீண்ட வால் ஆக்சான். இன்புட், பிராசசர், அவுட்புட் என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம். தண்டுவடத்திலிருந்து கால் விரல் பக்கம் போகிற ஆக்சான் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். ஒரே செல்! கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லின் வால், நம்ம டி-ஸ்கொயரை விட நீளம்.

மனித மூளையில் மொத்தம் 10,000 கோடி நியூரான்கள் என்று பழைய புத்தகங்களில் போட்டிருக்கும். 2009-ல் புதிய முறையில் எண்ணிப் பார்த்தபோது சுமார் 8,600 கோடி என்று தெரியவந்தது.

பல ஆக்சான்களுக்கு மயலின் என்ற கொழுப்புறை உண்டு. இது நம் பி.வி.சி. இன்சுலேஷன் மாதிரிதான், ஆனால் விட்டு விட்டு இருக்கும். இடைவெளிகளுக்கு ரான்வியர் கணுக்கள் என்று பெயர். செய்தி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித் தாவிப் போவதால் வேகம் கூடுகிறது.

கரண்ட் எப்படிப் போகிறது?

இங்கேதான் நம்ம பாடமும் நரம்பும் வேறுபடுகின்றன. செம்பு வயரில் ஓடுவது எலெக்ட்ரான். நரம்பில் நகர்வது சோடியம், பொட்டாசியம் அயனிகள். அதுவும் வயரின் நீளவாக்கில் ஓடுவதில்லை. செல் சவ்வின் உள்ளேயும் வெளியேயும் குறுக்காகப் போய்வருகின்றன.

சும்மா இருக்கும் நரம்பு செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் நெகட்டிவ். "பூ, இவ்வளவுதானா?" என்று நினைக்காதீர்கள். சவ்வின் கனம் சுமார் 7 நானோமீட்டர்தான். வகுத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டருக்கு 10,000 வோல்ட்! காற்று சுமார் 3,000 வோல்ட்டிலேயே ஸ்பார்க் அடித்துவிடும்.

தூண்டுதல் வந்து இந்த மைனஸ் 70 என்பது சுமார் மைனஸ் 55-ஐத் தொட்டதும் சோடியம் கதவுகள் படாரென்று திறக்கும். சோடியம் உள்ளே பாயும். மின்னழுத்தம் பிளஸ் 30, 40 வரை ஏறும். உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்கு இறக்கும். எல்லாம் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அந்தத் துடிப்பு பக்கத்துப் பகுதியைத் தூண்டும், அது அதற்கடுத்ததைத் தூண்டும். ஆகவே நரம்பை வெறும் வயர் என்பதைவிட, அடிக்கு அடி ரிப்பீட்டர் வைத்த லைன் என்பதே சரி. எவ்வளவு தூரம் போனாலும் சிக்னல் குறையாது. துடிப்பு வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் வராது. அழுத்தம் அதிகமானால் துடிப்பின் உயரம் கூடாது, எண்ணிக்கைதான் கூடும். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் இதைக் கேட்டதும் "அட, டிஜிட்டல்!" என்பார்கள்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர். கணவாய் மீனின் தடித்த ஆக்சானுக்குள் எலெக்ட்ரோடு செருகி ஆராய்ந்து, 1952-ல் அதற்கு ஒரு மின்சர்க்யூட்டையே வரைந்து கொடுத்தார்கள். 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வேகம்? மயலின் உறையுள்ள பருமனான நரம்பில் விநாடிக்கு 120 மீட்டர் வரை. உறையில்லாத மெல்லிய நரம்பில் விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். கால் விரலைக் கல்லில் இடித்துக்கொண்டால் முதலில் இடித்தது தெரியும். ஒரு நொடி கழித்துத்தான் "அம்மா!" என்று கத்த வைக்கிற விண்விண் வலி வரும். தொடு உணர்வு எக்ஸ்பிரஸில் வருகிறது, அந்த வலி பாசஞ்சரில் வருகிறது!

ஒரு நியூரானும் அடுத்த நியூரானும் சந்திக்கும் இடம் சினாப்ஸ். பெரும்பாலான சினாப்ஸ்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்காது, நுண்ணிய இடைவெளி இருக்கும். மின்துடிப்பு முனைக்கு வந்ததும் ஒரு ரசாயனப் பொருள் கசிந்து, இடைவெளியைக் கடந்து, அடுத்த செல்லைத் தூண்டும் அல்லது அடக்கும். 1921-ல் ஆட்டோ லோவி, ஒரு தவளையின் இதயத்தை நரம்பு வழியாகத் தூண்டி மெதுவாக்கினார். அந்த இதயத்திலிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! இடையில் செய்தி சொல்வது ரசாயனம் என்று அப்போது நிரூபணமாயிற்று.

மெயினைக் கேட்காமலே வேலை

லேபில் சால்டரிங் அயனில் தெரியாமல் விரலை வைத்தால் என்ன நடக்கிறது? "சுடுகிறது, எடுக்கலாமா?" என்று யோசித்தா எடுக்கிறோம்? உணர்ச்சி நரம்பு செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கேயே இயக்கு நரம்புக்கு உத்தரவு மாறி, கை விலகிவிடுகிறது. மூளைக்குத் தகவல் பிறகுதான் போய்ச் சேர்கிறது. இதுதான் அனிச்சைச் செயல். பவர் ஹவுஸைக் கேட்காமல் வீட்டு எம்.சி.பி. ட்ரிப் ஆகிற மாதிரி.

இதுபோக நம் கட்டுப்பாட்டில் இல்லாத தானியங்கு நரம்பு மண்டலமும் உண்டு. வைவா அறைக்கு வெளியே நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அது பரிவு நரம்புகளின் வேலை. முடித்துவிட்டு கேன்டீனில் டீயும் பஜ்ஜியும் சாப்பிடும்போது எல்லாம் அடங்கி, வயிறு தன் வேலையைப் பார்க்கிறது. அது எதிர்ப்பரிவு நரம்புகளின் உபயம்.

வெளிக் கரண்ட் உள்ளே வந்தால்

நரம்பே மில்லிவோல்ட்டில் ஓடுகிறது என்றால், 230 வோல்ட் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? ஈரக்கையோடு உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம் விதிப்படி 230 மில்லிஆம்பியர். ஆனால் 10 முதல் 16 மில்லிஆம்பியரிலேயே பலரால் பிடித்த வயரை விட முடியாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சைக்கிளுக்கு சைக்கிள் நரம்பைத் தூண்டிக்கொண்டே இருப்பதால், சுருங்கிய தசை விரிய நேரமே இல்லை. விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. அதனால் கை வயரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. "கரண்ட் இழுத்துப் புடிச்சுக்கிச்சு" என்று சொல்கிறோமே, இழுப்பது கரண்ட் அல்ல, நம் சொந்தத் தசைதான். வீட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஏன் போடச் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? விட முடியாத கையை அது விடுவிக்கிறது.

ஏன் ஜாயின்ட் போட முடியாது?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். கையிலோ காலிலோ உள்ள புற நரம்பு அறுந்தால், டாக்டர்கள் உறையோடு உறை சேர்த்துத் தைக்கிறார்கள். அறுந்த ஆக்சான், ஷ்வான் செல்கள் காட்டுகிற பாதையில் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். முழங்கையில் அறுந்தால் விரலுக்கு உணர்வு திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம். மெதுவாக வந்தாலும் வருகிறது.

தண்டுவடத்தில் கதை வேறு. அங்கே மயலின் உறையைப் போடுவது வேறு வகைச் செல். அந்த உறையிலுள்ள சில புரதங்கள் ஆக்சான் வளர்வதைத் தடுக்கின்றன. அடிபட்ட இடத்தில் தழும்பும் உண்டாகி வழியை அடைக்கிறது. லட்சக்கணக்கான கோர்கள், கலர் கோடு எதுவும் கிடையாது. எது எதோடு சேர வேண்டும்? ஆகவே அடிபட்ட இடத்துக்குக் கீழே மூளையின் உத்தரவு போகாது, கீழேயிருந்து உணர்வும் மேலே வராது. முதுகில் அடிபட்டால் கால்கள் போகும், சிறுநீர் மலக் கட்டுப்பாடும் போகும். கழுத்தில் பட்டால் கைகளும் சேர்ந்து போகும். கழுத்தின் மேல்பகுதியில் என்றால் மூச்சுக்கே ஆபத்து.

இதில் முக்கியமானது ஒன்று. விழுந்தவுடன் தண்டுவடம் முழுசாக அறுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பல சமயம் எலும்பு மட்டும் உடைந்து, உள்ளே பாதி நசுங்கியிருக்கும், அல்லது ஒன்றுமே ஆகாமல் இருக்கும். அந்த நேரத்தில் மடக்கித் தூக்கினால், உடைந்த எலும்பு முனையே கத்தியாகிவிடும். நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிய அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

நாமெல்லாம் நாளைக்கு சைட்டிலும் ஒர்க்ஷாப்பிலும் லைனிலும் நிற்கப் போகிறவர்கள். யாராவது உயரத்திலிருந்து விழுந்தாலோ வண்டியில் அடிபட்டாலோ இதை நினைவில் வையுங்கள்:

1. கரண்ட் சம்பந்தப்பட்டிருந்தால் முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். அதற்குமுன் தொடாதீர்கள்.

2. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். "உயரத்திலிருந்து விழுந்திருக்கிறார், முதுகில் அடி" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

3. தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். "ஆட வேண்டாம்ணே, அப்படியே இருங்க" என்று சொல்லி, ஒருவர் தலைப்பக்கம் மண்டி போட்டு, தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. மூச்சு இல்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம்தான். நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பிராணவாயு இல்லாமல் நாலைந்து நிமிஷத்திலேயே மூளை செல்கள் சாகத் தொடங்கும்.

5. நெருப்பு, இடிந்து விழும் சுவர் என்று வேறு வழியே இல்லாமல் நகர்த்த வேண்டியிருந்தால், தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நாலுபேர் சேர்ந்து ஒரே சமயத்தில் புரட்டி, தட்டையான பலகையில் படுக்க வையுங்கள். ஒரு கதவு கிடைத்தாலும் போதும்.

6. எல்லாவற்றுக்கும் முன்னால், சாரத்தில் ஏறும்போது பெல்ட், வண்டியில் ஏறும்போது ஹெல்மெட்.

வழி முழுசாக அடைபட்டுவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் என்பவர் 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, கால்கள் செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையத்துக்குக் காரணமாக இருந்தவரும் அவரே. 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2023-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர விஞ்ஞானிகள், கால்கள் செயலிழந்த ஒருவரின் மூளைக்கு மேலும் தண்டுவடத்திலும் எலெக்ட்ரோடுகள் வைத்து, நடுவே கம்ப்யூட்டர் மூலம் ரேடியோ இணைப்புக் கொடுத்து அவரை நடக்க வைத்தார்கள். ஜாயின்ட் போட முடியாத இடத்தில் பைபாஸ் போட்டிருக்கிறார்கள்! அது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலையில் பாதி, எலெக்ட்ரானிக்ஸும் கம்ப்யூட்டரும் படித்தவர்களுடையது.

எங்கள் தெரு அண்ணன் இப்போது வீட்டுத் திண்ணையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஃபேன், மிக்ஸி ரிவைண்டிங் செய்கிறார். இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "அந்த ஆறு பாயிண்டையும் பெரிய எழுத்துல போடச் சொல்லுடா" என்றார்.

மலர்க்குழு நண்பர்களே, முடிந்தால் அப்படியே போடுங்கள்.

– மின்னியல் துறை, இறுதியாண்டு மாணவன்